ஹெட்போனுக்கு வெளியே

பாண்டிச்சேரி ஞாயிறு சந்தையில்
ஜோடி தொலைத்த ஷூக்களுக்கும் குக்கர் மூடிகளுக்கும் நடுவே
கிடந்தது. அறுபத்தொரு கட்டை.
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்.
போர்வையில் சுற்றி பஸ் ஏற்றினேன்.
ஆல்பேட்டை சோதனைச்சாவடியில்
"எத்தன பாட்டில்?" என்றார் காவலர்.
அவிழ்த்துக் காட்டினேன்.
நம்பாமல் ஒரு கட்டையை அமுக்கினார்.
கரண்ட் இல்லாத கட்டை
டக் என்றது.
"இத வெச்சு என்னய்யா பண்ணுவ?"
கேட்டதில் தப்பில்லை. முப்பத்தெட்டு வயது.
சிப்காட்டில் பாய்லர் பார்க்கிறவன்.

எனக்கு ஒரே ஒரு பாட்டு போதும்.
போன மழைக்காலம் முழுக்க
ஷிப்ட் வேனில் ஞானசெல்வம் போட்ட பாட்டு.
பல்லவி முடிகிற இடத்தில்
மாடிப்படி ஏறப்போவதுபோல் காலைத் தூக்கி
ஏறாமல் திரும்பிவிடும்.
வேனில் தூங்கும் பதினோரு பேரில் யாரோ ஒருவர்
அந்த இடத்துக்கு மட்டும் கண் திறப்பார்.
வழக்கமாக நான்தான்.

போனில் சொல்லித்தருகிற வாத்தியாருக்கு முகமில்லை.
மோதிரம் போட்ட இரண்டு கைகள்.
பத்தே நிமிடத்தில் வாசிக்கலாம் என்கின்றன.
வால்வுகளுக்கு ஒட்டுவதுபோல்
கட்டைகளுக்கு நம்பர் எழுதி ஒட்டினேன்.
"இடது கைக்கு நாலே நாலு கார்டு போதுமாம்" என்றேன்.
"இருக்கறதே ஒரு ரேஷன் கார்டு" என்றாள் புனிதவல்லி.

வலது கை நடந்தால்
இடது கை உட்கார்ந்துவிடுகிறது.
இடதை எழுப்பினால்
வலது வேடிக்கை பார்க்கிறது.
பாய்லர் முன்னால் இதே கைகள்
ஒன்று வால்வைத் திருக, ஒன்று லாக்புக் எழுதும்.
அங்கே சண்டை வந்ததில்லை.
இங்கே மூன்றாவது கார்டிலிருந்து நாலாவதுக்குப் போக
ஒவ்வொரு முறையும் நின்று,
சுண்டுவிரலைத் தேடி,
இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.

எல்லாம் பாப்பா தூங்கிய பிறகு.
அதனால் ஹெட்போன்.
காதுக்குள் எனக்கு முழு பியானோ.
வெளியே வெறும் பிளாஸ்டிக்: டக், டக், டக் டக்.
எதிரில் புனிதவல்லி
மருந்துக்கடைக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பாள்.
ஒரு நாளும் சலித்துக்கொள்ளவில்லை.
அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

இருபத்திரண்டாம் ராத்திரி
ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு
சத்தத்தை எறும்பளவுக்குக் குறைத்து
பல்லவி முழுக்க வாசித்துக் காட்டினேன்.
அதே இடத்தில் நின்றேன். சமாளித்துப் போனேன்.
பேனாவை வைத்தாள்.
"இந்தப் பாட்டா?"
"ஏன்?"
"நான் வேற பாட்டுன்னு இல்ல நெனச்சிட்டிருந்தேன்."

சொல்ல வெட்கப்பட்டாள். பிறகு முனகினாள்.
திருப்பாதிரிப்புலியூர் கேட் மூடி
காலேஜ் பஸ் காத்திருக்கும்போதெல்லாம் போடுவார்களாம்.
எட்டு வருடம் ஒரே வீட்டில் இருக்கிறோம்,
ஒருமுறைகூட என் காதில் விழாத பாட்டு.
இருபத்திரண்டு ராத்திரி
என் டக் டக்கின்மேல் அதை ஏற்றி
உள்ளுக்குள் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள்,
மாத்திரை அட்டைகளைக் கூட்டிக் கழித்தபடி.

"நடுவுல நான் தடுமாறி நிக்கிறது தெரியலையா?"
"அங்க அவங்க மூச்சு விடுவாங்க" என்றாள்.
"நீங்க சரியா நிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

கொஞ்சம் கோபம்கூட வந்தது எனக்கு.
அப்புறம் ஸ்விட்சை அணைத்தேன்.
செத்த கட்டைகளில் மறுபடி முதலிலிருந்து தட்டினேன்.
அவள் வாய்விட்டு, ஆனால் மெதுவாக, அவள் பாட்டை.
நான் மனசுக்குள் என்னுடையதை.
ஞானசெல்வம் வேன் காலை ஐந்து இருபதுக்கு வந்துவிடும்.
மூன்றாவது கார்டு வந்தது.
அவள் மூச்சு விட்டாள்.

பாப்பா புரண்டு படுத்தாள்.

சுண்டுவிரலைத் தூக்கியபடியே
இருந்தேன்.